காணாமல் போன எழுபது குதிரைகள்

"என்ன காணோம்?"

"எழுபது குதிரை."

"எங்கேருந்து?"

"என் வண்டியிலேருந்து."

"யார் மேல சந்தேகம்?"

"வெர்ன் கிரெகர். வேற யாரு? குளிர்காலம் பூரா வண்டி அவன் ஷெட்டுலதானே கெடந்துச்சு."

"வேற ஏதாவது காணாமப் போயிருக்கா?"

ஹார்லன் ஃபோஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன் விளிம்பை விரலால் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்த பிறகுதான் பதில் வந்தது.

"இல்ல."

செவ்வாய்க்கிழமை நடந்த இந்தப் பேச்சு வெள்ளிக்கிழமை காலையிலும் ஹெடி வோல்மரின் மனதை விட்டு இறங்கவில்லை. துப்பறியும் வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தாள். எரிந்த களஞ்சியம், களவு போன டிராக்டர் என்று மொன்டானாவின் கிழக்குச் சமவெளி முழுக்க அலைந்தவள். அந்தக் கடைசிக் கேள்வி அப்போது ஒட்டிக்கொண்ட பழக்கம். திருட்டுக் கொடுத்தவர்கள் அதற்கு மடமடவென்று பதில் சொல்வார்கள். மாமனார் கொடுத்த துப்பாக்கி, போன வருஷம் வாங்கிய ரம்பம் என்று இல்லாததையும் சேர்த்துச் சொல்வார்கள். 'இல்லை' என்று சொல்ல இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட ஆளை அவள் பார்த்ததில்லை.

"எழுபது குதிரைன்னா தெனமும் ரெண்டு வண்டி வைக்கோல் வேணும் மேடம்," என்றான் லோனி, காரை ஓட்டியபடியே சூரியகாந்தி விதைத் தோலை ஜன்னலுக்கு வெளியே துப்பி. "திருடினவன் இந்நேரம் தீனி போட்டே ஓட்டாண்டி ஆயிருப்பான். ஊர்ல யார் எளைச்சுப் போயிருக்கான்னு பாருங்க. கேஸ் முடிஞ்சுது."

லோனி டுப்ரீ அவளுடைய உதவியாளன். அதற்கு முன் ரோடியோ என்கிற காளைச் சவாரிப் போட்டிகளில் கோமாளி. காளை கீழே தள்ளிய வீரனை அது குத்திவிடாதபடி, கலர் சட்டை போட்டுக்கொண்டு குறுக்கே ஓடுகிற வேலை. ஒரு காளை அவன் இடுப்பைப் பதம் பார்த்ததும் ஓட்டம் போய்விட்டது, வாய் மட்டும் மிஞ்சியது.

"ஹார்லன் முன்னால இதச் சொல்லித் தொலைக்காதே."

"சிரிக்காத மனுசங்களக் கண்டாலே எனக்கு பயம் மேடம். காளையாவது மூக்கால ஊதிக் காட்டும்."

ஹெடி வெளியே பார்த்தாள். ஏப்ரல் பிறந்தும் புல் பச்சை பிடிக்கவில்லை. ஹார்லனின் பண்ணை இந்த ரோட்டின் கடைசியில், அடுத்த வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தது. நேற்று அவள் போயிருந்தபோது மேசையில் ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் வீட்டிலும் அப்படித்தான். வெளியே கிளம்பும்போது ரேடியோவை அணைக்காமல் வருவாள். திரும்பிக் கதவைத் திறக்கும்போது உள்ளே யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் அவளுக்கு.

"சாயங்காலம் ஷெரிஃபுகிட்ட போறேன்னு சொல்லிட்டாரு," என்றாள். "அதுக்குள்ள நாம ஒண்ணு கண்டுபிடிக்கணும்."

"போனா?"

"வெர்ன் கதை முடிஞ்சுது. திருடன்னு பேர் வாங்கின மெக்கானிக்கிட்ட இந்த மெட்லர் ஊர்ல எவனாவது சாவியக் குடுப்பானா? அது மட்டுமா? ஸ்கூல்லேருந்து ரெண்டு பேரும் சிநேகிதங்க. போன வருஷம் வரைக்கும் ஞாயித்துக்கிழமை சாப்பாடு வெர்னுக்கு அந்த வீட்டுலதான். ஹார்லனுக்குப் பேச்சுத்துணைன்னு மிச்சம் இருக்கிறது வெர்ன் ஒருத்தர்தான். அவரையும் கம்பி எண்ண அனுப்பப் பாக்குறாரு."

*

வெர்ன் கிரெகரின் ஷெட்டுக்குப் பெருமையே வண்டியின் பலத்தை அளக்கும் டைனோதான். தரையில் பதித்த இரண்டு பெரிய இரும்பு உருளைகள். பின்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, நாலு பக்கமும் பட்டையால் இழுத்துக் கட்டிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், உருளைதான் சுழலும். அது வேகமெடுக்கிற விதத்தை வைத்து எத்தனை குதிரை பலம் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். ஆகஸ்டில், கோதுமை அறுவடைக்கு முந்தின சனிக்கிழமை, சுற்று வட்டாரத்து டீசல் வண்டியெல்லாம் இங்கே வரிசை கட்டும். ஜெயித்த எண் சுவரில் இருக்கும் கரும்பலகையில் ஒரு வருஷம் அழியாமல் நிற்கும். இப்போதும் நின்றது: 541 – ஹார்லன் ஃபோஸ்.

அந்த எண்ணை எடுத்த வண்டி உருளை மேல் கட்டப்பட்டிருந்தது. ஆறு கியர் போட்ட, புழுதி நிறத்து டீசல் பிக்கப். ஹார்லன் உள்ளே உட்கார்ந்திருந்தார். வண்டிக்குள் வளைத்துத் திணித்த மாதிரி இருந்தார், அவ்வளவு உயரம்.

"பாருங்க, உங்க கண்ணால பாருங்க," என்றார் ஹெடியிடம். வெர்ன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வெர்ன் தோளைக் குலுக்கிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அவருடைய ஷெட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. அடுத்தவர் வண்டியின் மிதியை அவர் தொடமாட்டார். அவரவர் வண்டியை அவரவர் வீட்டார்தான் மிதிக்க வேண்டும்.

ஹார்லன் ஸ்டார்ட் செய்தார். இரண்டு நிமிஷம்கூடச் சூடேற விடவில்லை. ஐந்தாவது கியர் வரை ஏற்றினார், எடுத்த எடுப்பில் முழு மிதி மிதித்தார். எஞ்சின் திணறி, பிறகு திடீரென்று கட்டறுந்த மாதிரி உறுமியது. உருளை அந்த உறுமலுக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடியது.

"நானூத்தி எழுபத்தி ஒண்ணு," என்றார் வெர்ன் உள்ளேயிருந்து. "கிளட்ச் நழுவுது. எஞ்சின் சுத்துற அளவுக்கு ரோலர் சுத்தல. ஏன்னுதான் புரியல."

"எனக்குப் புரியுது," என்றார் ஹார்லன் இறங்கியபடி. "அது போன வசந்தத்துல போட்ட புதுக் கிளட்ச். கியர் பாக்ஸ்ல ஆயில் ஒழுகுதுன்னு நவம்பர்ல வண்டிய உங்கிட்ட விட்டேன். பாக்ஸை எறக்கினவன் நீ. புதுச உருவிட்டுத் தேஞ்சத வச்சு மூடிட்ட."

"ஏண்டா, உன் கிளட்சை வச்சு நான் என்ன சட்னியா அரைக்கப்போறேன்?"

"அதை ஷெரிஃபுகிட்ட சொல்லு."

வெர்னின் முகம் சுண்டிவிட்டது. லோனியைப் பார்த்துச் சிரிக்க முயன்றார், வரவில்லை. ஹார்லன் வாசல்பக்கம் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஹெடி வண்டிக்குள் ஏறினாள். எரிந்த கிளட்சின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. சீட்டைத் தடவினாள், காலடியைப் பார்த்தாள். கிளட்ச் மிதி மேல் ஒரு மரக்கட்டை இருந்தது. மூன்று விரல் கனம். வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முடிச்சை உருக்கி ஒட்ட வைத்திருந்தார்கள். செருப்பு பட்டுப் பட்டு நடுவில் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"ஹார்லன், இந்தக் கட்டை எதுக்கு?"

"அது அங்கேயே இருக்கட்டும்." வாசலிலிருந்து திரும்பாமலே சொன்னார். குரல் கொஞ்சம் பலமாகவே வந்தது.

ஹெடி கட்டையை விட்டுவிட்டாள். நிமிர்ந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. எஞ்சினின் சுற்றைக் காட்டும் முள்ளுக்கு மேலே, கண்ணாடியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஒன்று இடதுபக்கம், ஒன்று வலதுபக்கம்.

"லோனி, இது என்ன?"

லோனி தலையை நுழைத்து முகர்ந்து பார்த்தான். நகத்தால் சுரண்டினான். "நகப் பாலிஷ். செர்ரி கலர். ஹார்லனுக்கு இந்தக் கலர் எடுக்காதே மேடம்."

"எறங்கறேன், நீ உக்காந்து பாரு. இடதுபக்கப் புள்ளி எந்த எண்ணுல இருக்கு?"

அவன் சீட்டில் உட்கார்ந்தான். லோனியும் நெட்டை ஆள். "ஆயிரத்து எரநூறு."

"ஆயிரத்து ஐநூறு. நான் இப்பத்தானே பார்த்தேன்."

"ஆயிரத்து எரநூறுதான் மேடம். வேணும்னா பைபிள் மேல கைய வைக்கிறேன்."

"தள்ளு." ஹெடி மறுபடி ஏறிப் பார்த்தாள். புள்ளி நேராக ஆயிரத்து ஐநூறின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. "ஐநூறு."

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கண்ணாடி போடணும். சம்பளம் குடுக்கறவங்க சொல்றதுதான் சரி. ஐநூறுன்னே வச்சுக்குவோம்."

ஹெடி முதுகை நிமிர்த்திப் பார்த்தாள், புள்ளி எண்ணை விட்டுக் கொஞ்சம் இறங்கியது. சாய்ந்து உட்கார்ந்தாள், மறுபடி ஏறிக்கொண்டது. புள்ளி கண்ணாடியின் மேல் இருக்கிறது, எண்கள் உள்ளே பள்ளத்தில் இருக்கின்றன. கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் புள்ளி எண்ணோடு சேரும். நெட்டையர்களுக்கு அது எந்தக் காலத்திலும் சேரப்போவதில்லை.

"லோனி," என்றாள் மெதுவாக, "இந்தப் புள்ளிய வச்ச ஆள் என் உயரம், என்னை மாதிரியே குள்ளம்."

அவன் வாயிலிருந்த விதையை மெல்வதை நிறுத்தினான்.

*

கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள் ஹெடி. "வெர்ன், போன ஆகஸ்டுல ஐநூத்தி நாப்பத்தி ஒண்ணு எடுத்தப்ப, மிதிச்சது யாரு?"

"அது ஹார்லன் வண்டிங்க."

"வண்டி யாருதுன்னு நான் கேக்கல."

வெர்ன் கண்ணாடி வழியாக வாசலைப் பார்த்தார். ஹார்லன் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். வெர்ன் குரலைத் தாழ்த்தினார். "அவன் சம்சாரம். மாரிட். வருஷா வருஷம் அந்தம்மாதான் மிதிக்கும்."

"இத ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போவுது? என் ரோலருக்கு ஆள் தெரியாதுங்க, வண்டி மட்டுந்தான் தெரியும். ஆளுக்கு ஒரு எண்ணு காட்டும்னு நானே சொன்னா, அப்புறம் இந்த மெஷினை எவன் நம்புவான்? அதோட..." துணியில் கையைத் துடைத்தார், கையில் அழுக்கு இல்லை. "ஊர்ல ஒரு மரியாதை இருக்குங்க. பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா அவ பேரை அவன் காதுபட யாரும் எடுக்கறதில்ல. ஆறு மாசமா யாரும் எடுக்கல. நானும் எடுக்கல. அதனாலயே ஞாயித்துக்கிழமை போறதையும் நிறுத்திட்டேன். அந்த மேசைல உக்காந்துக்கிட்டு அவ பேரைச் சொல்லாம எப்பிடிங்க சாப்பிடறது?"

"ஏன் போனாங்க?"

"போகவே இல்லைங்க. அதுதான் கூத்து. அக்டோபர்ல பில்லிங்ஸ் பக்கம் சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் லாரி ஓட்டப் போச்சு. சீசன் வேலை. தங்கச்சி வீட்டுல தங்கிச்சு. சீசன் முடிஞ்சுது. இவன் வான்னு சொல்லல. அது வரல. ரெண்டும் நார்வேக்காரக் குடும்பம். எது முதல்ல வாயத் தொறக்குதுன்னு பாக்க நூறு வருஷம் ஆகும்."

லோனி கதவிடுக்கில் தலையை நீட்டினான். "என் காளையே தேவலை போலிருக்கே."

ஹெடி தொலைபேசியை எடுத்து அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் பேசினாள். மறுமுனையில் மாரிட் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "யாரு, வெர்னா திருடினான்னு சொல்றான்? வெர்ன் அடுத்தவன் தட்டுல மிஞ்சின உருளைக்கிழங்கைக்கூட எடுக்கமாட்டான். நான் வர்ற வரைக்கும் அந்த மனுசன ஷெரிஃபுகிட்ட போக விடாதீங்க," என்றாள். போன் பட்டென்று வைக்கப்பட்டது.

*

மாரிட் ஃபோஸ் பிற்பகலில் வந்து இறங்கினாள். குள்ளம், நரைத்த பின்னல், கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. ஹார்லன் அவளைப் பார்த்ததும் சட்டென்று குனிந்து, ஏற்கனவே இறுக்கமாக இருந்த பட்டையை இன்னும் இறுக்கத் தொடங்கினார்.

"அத அவுரு," என்றாள் அவள். "வண்டி சில்லுனு இருக்கு. ஆத்துப் பாலம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்தாத்தான் கியர் ஆயில் எளகும்."

கதவைத் திறந்தவள் குனிந்து பார்த்தாள். நின்றாள்.

"கட்டைய இன்னும் எடுக்கலையா?"

"மறந்துட்டேன்."

"ஆறடி நாலங்குலம் இருக்க. முட்டி ஸ்டியரிங்குல இடிக்கல?"

"இடிச்சுது."

சீட்டை அவள் முன்னால் தள்ளிக்கொண்டாள். அது தடம் பழகிய மாதிரிச் சத்தமில்லாமல் வந்து நின்றது. வண்டி பாலத்தை நோக்கிப் போனது. திரும்பி வரும்வரை ஹார்லன் அதே இடத்தில் நின்று, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக நிற்பதும் ஒரு பழக்கந்தான் என்று ஹெடிக்குத் தோன்றியது. கால் அதற்கென்று ஓர் இடம் பிடித்துவிடுகிறது.

உருளை மேல் ஏற்றிக் கட்டினார்கள். மாரிட் ஒவ்வொரு கியராக, மாவு பிசைகிறவள் போல அவசரமில்லாமல் ஏற்றினாள். ஐந்தாவது விழுந்ததும் இடது காலை மிதியிலிருந்து முழுக்க எடுத்துத் தரையில் பதித்தாள். வலது கால் லேசாக, லேசாக இறங்கியது. முள் சிவப்புப் புள்ளிக்கு வரும்வரை பொறுத்தாள். எஞ்சினுக்குக் காற்று ஊட்டும் டர்போ மூச்சிழுக்கும் விசில் கேட்டது. அதன் பிறகுதான் முழு மிதி. எஞ்சினும் உருளையும் ஒரே குரலில் எழுந்தன. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. முள் இரண்டாவது புள்ளியைத் தொட்டதும் காலை எடுத்தாள்.

வெர்ன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "ஐநூத்தி முப்பத்தெட்டு!"

"மூணு கொறையுது," என்றாள் மாரிட். "ஆறு மாசமாச்சே. காலு துருப் பிடிச்சிருக்கு."

ஹெடி வண்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தாள். கிளட்ச் நாற்றம் துளிகூட இல்லை. "ஹார்லன், ஒரு நிமிஷம் வந்து உக்காருங்க. எஞ்சினை அணைச்சாச்சு. சும்மா, முழு மிதி மிதிக்கிற மாதிரி மிதிங்க."

அவர் வளைந்து நுழைந்தார். சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார். வலது பூட்ஸ் ஆக்ஸிலேட்டரை அழுத்தியது.

"அப்படியே இருங்க. இப்போ உங்க இடது காலப் பாருங்க."

ஹார்லன் குனிந்து பார்த்தார். இடது பூட்ஸ் மரக்கட்டை மேல் ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தது. பூட்ஸின் கனத்தில் மிதி ஓர் அங்குலம் அமுங்கியிருந்தது.

"குள்ளமானவங்களுக்கு எட்டணும்னு வச்ச கட்டை," என்றாள் ஹெடி. "உங்க காலுக்கு அது வழியில நிக்குது, கால் தானா அதுமேல சாஞ்சுக்குது. பாதி மிதிச்ச கிளட்ச் நழுவாம என்ன செய்யும்? கிளட்ச் புதுசுதான். வெர்ன் எதையும் தொடல. கட்டைய ஒரு கத்தியால அறுத்துப் போட்டிருந்தா குதிரைங்க அன்னிக்கே வீடு திரும்பியிருக்கும்."

ஹார்லன் கட்டையைப் பார்த்தபடியே இருந்தார். ஏன் அறுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மாரிட் பட்டையின் கொக்கியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினாள்.

கடைசியில் அவர் இறங்கி வெர்ன் எதிரில் வந்து நின்றார். தொப்பி கையில். "நான் ஒரு கழுதைடா."

"அது தெரியும். இவ்வளவு பெரிய கழுதைன்னுதான் தெரியாமப் போச்சு."

"எழுபது குதிரையத் தேடி வந்தோம், ஒரு கழுதை கெடைச்சிருக்கு," என்றான் லோனி. "வெறுங்கையோட போகல மேடம்."

வெர்ன்தான் முதலில் சிரித்தார். ஹார்லனின் மூக்கிலிருந்து காளை ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதுதான் அவருடைய சிரிப்பு என்று லோனிக்கு அப்போதுதான் புரிந்தது.

மாரிட் சிரிக்கவில்லை. கரும்பலகைக்குப் போனாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, '541'க்குப் பக்கத்தில் இருந்த பெயரை அழித்தாள். சாக்கட்டியை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். எட்டாததால் எழுத்துகள் கொஞ்சம் கீழே சரிந்தன. கையைத் தட்டிவிட்டு, சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டாள்.

"சரி. இருட்டறதுக்குள்ள பில்லிங்ஸ் போய்ச் சேரணும்."

ஹார்லன் வண்டிச் சாவியை நீட்டினார். "இத நீயே எடுத்துட்டுப் போ. உன் கையிலதான் ஓடுது."

"வண்டிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்?"

சாவி நீட்டியபடியே நின்றது. அவள் வாங்கவில்லை, நகரவும் இல்லை. இவர்களை விட்டால் இப்படியே நின்று ஆளுக்கொரு திசையில் வீட்டுக்குப் போய், ஆளுக்கொரு தட்டைக் கழுவிக் கவிழ்ப்பார்கள் என்று ஹெடிக்குத் தெரிந்தது. அந்தத் தட்டை அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"ஹார்லன்," என்றாள், "கேஸை முடிக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி. செவ்வாய்க்கிழமையே கேட்டேன். பதிலைத் திருத்தணும்னா இப்பவே திருத்திக்கலாம். வேற ஏதாவது காணாமப் போயிருக்கா?"

அவர் தொப்பியின் விளிம்பைப் பிடித்தார். விரல் பாதிச் சுற்று போய் நின்றது. ஹெடிக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தவர், அவளை விட்டுவிட்டு, ஆறு மாதமாக அந்த ஊரில் யாரும் அவர் காதுபடச் சொல்லாத பெயரின் பக்கம் திரும்பினார்.

"மாரிட்... வீட்டுக்கு வா."